எங்கள் பக்கத்துக் கதிரைகள்

சுவான்சி என்று ஓர் ஊர் இருப்பது எனக்குத் தெரியாது. அங்கே போய்ச் சேரும்வரை என் அண்ணனுக்கும் தெரியாது. 2001இல் லண்டனில் இறங்கி அகதி விண்ணப்பம் கொடுத்தவரை, முடிவு வரும்வரை அங்கே இரும் என்று பஸ்ஸில் ஏற்றி வேல்ஸ் நாட்டுக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் குடியிருந்த கனடாவின் மொன்றியலில் யாராவது விசாரித்தால் 'அண்ணை லண்டனில்' என்றே சொல்லிவந்தேன். வேல்ஸ் என்று சொன்னால் அது எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது விஷயம் போதாது.

பிறகு தேவைக்கு மேலேயே தெரிந்துகொண்டேன். அண்ணனுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. பொழுதைப் போக்க நூலகத்துக்குப் போன இடத்தில் ஒரு கிழவர் பழக்கமானார். அவருடைய மனைவிக்கு முழங்கால் ஏலாமல் போனதால் உதைபந்தாட்ட மைதானத்தில் அந்த அம்மாவின் இருக்கை சும்மா கிடந்தது. கிழவர் இவரைக் கூட்டிக்கொண்டு போய் அதில் உட்கார வைத்தார். சுவான்சியில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில், முடிந்த கையோடு அண்ணன் எனக்குப் போன் எடுப்பார். அவருக்குப் பின்னேரம் ஐந்தரை, எனக்கு மத்தியானம் பன்னிரண்டரை. அம்மாவின் சுகம், தங்கையின் கலியாணப் பேச்சு எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சம் முழுக்கப் பந்து.

"டேய், இந்தச் சனத்தைப் பார். தனிக் கொடி, தனிப் பாஷை. உலகக் கிண்ணத்துக்கெண்டு தனி அணியும் கிடக்கு. ஆனா ஊர் அணி விளையாடுறது இங்கிலாந்துக்காரன்ர லீக்கில."

"ஏன், இவையிட்ட சொந்தமா லீக் இல்லையே?"

"இருக்கு, சின்னது. அதில ஆரோட விளையாடுறது, ஆர் வந்து பாக்கிறது? பெரிய அணியள் கனகாலமா அந்தப் பக்கம்தான். போற இடத்தில இங்கிலாந்துச் சனம் இவையை ஆடு மேய்க்கிறவை எண்டு, ஆடு மாதிரிக் கத்திப் பகிடி பண்ணுவினம். இவையும் விடாமல் போவினம்."

இதையெல்லாம் நான் முதலில் வெறும் கதையாகத்தான் கேட்டேன். பிறகு அதே வருத்தம் எங்களுக்கும் வந்தது.

மொன்றியல் தமிழரிடம் அப்போது உருப்படியான உதைபந்தாட்ட அணிகள் மூன்று இருந்தன. மூன்றே மூன்று அணிகள் ஒரு கோடை முழுவதும் தங்களுக்குள் விளையாடினால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஆடி பிறப்பதற்குள் எல்லாருக்கும் எல்லாரோடும் கோபம். கடைசியில் மூன்றையும் கரைத்து ஒன்றாக்கினோம். யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர், கோல் காக்கச் சென்னையிலிருந்து படிக்க வந்த ஒருவர். நான் பந்தைத் தொட்டு எத்தனையோ வருடம். ஆனால் லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன் என்பதற்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பக்கத்து மாகாணத்தில், ரொறன்ரோவில் தமிழருக்கென்று பெரிய லீக் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் எங்களையும் சேர்க்கும்படி கேட்டு எழுதுவதே என் முதல் வேலை.

இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒன்றரைப் பக்கம் வேல்ஸ். எல்லை தாண்டிப் போய் விளையாடுவதற்கு உலகத்தில் முன்னுதாரணம் உண்டு என்று காட்ட வேண்டுமல்லவா? அந்த லீக்கின் செயலாளர் போனில் எடுத்தார். குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிடப் பத்து வயது கூடியவர்.

"ஐசே, கடிதம் கிடைச்சது. நல்ல தமிழ். அது சரி, நீங்கள் எந்த ஊர்?"

"மொன்றியல்."

"அது விளங்குது. ஊர் எது?"

அவர் கேட்டதில் பிழையில்லை. ரொறன்ரோ அணிகள் எல்லாம் ஊர் அணிகள், இல்லாவிட்டால் பழைய பள்ளிக்கூடத்து அணிகள். இலங்கையில் எந்த ஊர்க் கழகம் எந்த நிறச் சட்டை போட்டதோ, ரொறன்ரோவில் தமிழர் கூடியிருக்கும் ஸ்காபரோவிலும் அதே பெயர், அதே நிறம். நாங்கள் மட்டும் குடியிருக்கிற இடத்தின் பெயரோடு போய் நின்றோம். கமிட்டி ஒரு மாதம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டது. ஒரேயொரு நிபந்தனை: எல்லா ஆட்டமும் அவர்களுடைய மைதானத்தில். ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் ஓடி வர அவர்களில் ஒருவருக்கும் விருப்பமில்லை.

"நீங்கள்தானே கேட்டு வாறியள்," என்றார் லீக் செயலாளர். அதுவும் சரிதான்.

அப்படி நான்கு கோடை போனது. கோடைக்கு ஐந்து ஞாயிறு, ஞாயிற்றுக்கு இரண்டு ஆட்டம். விடியப்புறம் இரண்டு வான் வண்டியில் புறப்பட்டால் மத்தியானத்துக்கு ஸ்காபரோ. எங்கள் வானின் பிரெஞ்சு மாகாண இலக்கத்தகட்டைக் கண்டதும் "பிரெஞ்சுக்காரர் வந்திட்டினம்" என்று குரல் வரும், பின்னாலே நாலைந்து "பொன்ஜூர்". எங்களில் பாதிப் பேருக்கு டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கும் அளவுக்குத்தான் பிரெஞ்சு. அண்ணனிடம் சொன்னபோது, ஆட்டுச் சத்தத்துக்கு அது எவ்வளவோ மேல் என்றார். ஒருபக்கக் கோடு நெடுக அவர்களுடைய சனம் நிற்கும், பெண்டு பிள்ளை, குழந்தை வண்டி, சோற்றுப் பெட்டி சகிதம். எங்கள் பக்கத்தில் மாற்று ஆட்டக்காரர் மூவர், தண்ணீர்ப் பெட்டி, நான்.

எனக்கென்று ஒரு தனிச் சங்கடமும் இருந்தது. என் சொந்த ஊர்க் கழகமும் அந்த லீக்கில் இருந்தது. எங்களுடையது கடற்கரை ஊர். வலை இழுக்கும்போது போடுகிற 'ஏலேலோ'வைத்தான் பந்தடியில் கோல் விழுந்தாலும் போடுவார்கள். ஒருவர் எடுக்க, மற்றவர்கள் 'ஏலோ' என்று சேர்வார்கள். ஸ்காபரோவில் கடலுமில்லை, வலையுமில்லை. சத்தம் மட்டும் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. எங்களுக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு அவர்கள் அதை எடுக்கும்போது நான் முகத்தைச் செயலாளர் முகமாக வைத்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் கப்டன் மன்னார்க்காரன். டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் சமையல் வேலை. தனியாக வந்தவன், தனியாகவே இருந்தவன். மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மற்றவர்களுக்கு ஸ்காபரோவில் யாராவது ஒரு மாமி சாப்பாடு கட்டி வைத்திருப்பா. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் அவர்கள் அங்கே ஓடுவார்கள். இவன் வானின் பின்கதவைத் திறந்து வைத்து, அதில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி சாப்பிடுவான். நடுக்களத்தில் அவனைப் போல் விளையாடியவரை அந்த லீக்கில் நான் காணவில்லை. அவனுடைய பெயர் மூன்றெழுத்து. தூரத்திலிருந்து கத்திக் கூப்பிட வசதியான பெயர். கூப்பிடத்தான் ஆளில்லை.

நான்காவது கோடையின் கடைசிப் பயணத்தில், திரும்பும் வழியில் கிங்ஸ்டனில் வழக்கம்போல் நிறுத்தினோம். நெடுஞ்சாலைக் கடையில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வெளியே நின்றோம். அவன் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னான்:

"அடுத்த வருசத்தோட விட்டிடுவன் அண்ணை. கால் சொல்லுக் கேக்குதில்லை."

"சரி. வயசும் முப்பத்தாறு."

"ஒரு ஆசைதான். ஒருக்கா எங்கட பக்கத்திலயும் சனம் நிண்டு கத்த வேணும். என்ர பேரைச் சொல்லி. ஒரு மச்சுக்கு எண்டாலும் காணும். பேந்து விட்டிடுவன்."

அவன் ஆசைப்பட்டு எதையும் கேட்கிறவன் இல்லை. அந்தச் சொல் எனக்குத் தைத்தது.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே இன்னொரு வேல்ஸ் கதையை எடுத்தார். வேல்ஸ்காரர் தங்களுக்கென்று லீக் தொடங்கியபோது சில சின்ன அணிகள் அதில் சேர மாட்டோம், இங்கிலாந்து லீக்கிலேயே இருப்போம் என்று நின்றனவாம். அப்படியென்றால் சொந்த ஊர் மைதானத்தில் விளையாடக் கூடாது என்று தடை வந்தது. அவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இரவல் மைதானம் பிடித்து, அதையே வீட்டு மைதானம் என்று சொல்லிக்கொண்டு சில வருடம் விளையாடினார்கள். கடைசியில் மூன்று அணிகள் கோட்டில் வழக்குப் பேசி வென்று வீடு திரும்பின.

அந்த மாரி முழுக்க எனக்கு அது போதுமாக இருந்தது. இன்னொரு கடிதம் எழுதினேன், இந்த முறை மூன்று பக்கம். வீட்டு மைதானம் என்பது ஒரு கழகத்தின் உரிமை என்றும், கோட்டே ஏற்றுக்கொண்ட விஷயம் என்றும் எழுதினேன். ரொறன்ரோ செயலாளர் போனில் வந்தார்.

"ஐசே, எங்களைக் கோட்டுக்கு இழுக்கப் போறீரோ?"

"இல்லை அண்ணை, ஒரு உதாரணத்துக்கு."

"உந்த வேல்ஸ் எங்க கிடக்கு எண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. சரி, ஒரு மச் தாறம். ஒண்டே ஒண்டு. ஆரை வேணுமெண்டு நீரே சொல்லும், நான் அவையோட கதைக்கிறன்."

அணியை நானே தெரிந்தெடுக்கலாம் என்றதும் அண்ணனிடம் யோசனை கேட்டேன். அவர் தெளிவாகச் சொன்னார். "இஞ்ச கடைத்தெருவில போய்ப் பார். பாதிப் பேர் இங்கிலாந்துப் பெரிய அணியளின்ர சட்டையோட திரியினம். அந்த அணி இஞ்ச வந்தால் அவை எந்தப் பக்கம் நிப்பினம் எண்டு கிழவன் என்னட்டக் கேட்டான். நீ மொன்றியலில ஆளில்லாத அணி ஒண்டைக் கூப்பிடு."

கேட்டேனா? மொன்றியலில் எந்த ஊராட்கள் கூட என்று கணக்குப் பார்த்தேன். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பாதி எங்கள் ஊர். கூட்டம் வர வேண்டும், கப்டன் கூட்டத்தைக் காண வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். என் சொந்த ஊர்க் கழகத்தைக் கூப்பிட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் கமிட்டி லெற்றர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்தும் வைத்துப் போட்டுக்கொண்டேன்.

2007, செப்டெம்பர் முதல் ஞாயிறு. மறுநாள் இரண்டு மாகாணத்துக்கும் விடுமுறை. மொன்றியல் புறநகர் டொலார்ட்டில் ஒரு பூங்கா மைதானத்துக்கு நகரசபை அனுமதி எடுத்திருந்தேன். பங்கு மண்டபத்திலிருந்து அறுபது மடக்குக் கதிரைகளை முதல் நாளே ஏற்றிவந்து, எங்கள் பக்கக் கோட்டோரமாக மேப்பிள் மர நிழலில் இரண்டு வரிசையாகப் போட்டேன். எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் போடவில்லை. அங்கே வெயில். வருகிறவர்கள் நாங்கள் நான்கு வருடம் நின்ற மாதிரி நிற்கட்டும் என்ற சின்னப் புத்தியும் அதில் இருந்தது, மறைப்பானேன்.

கூட்டம் வந்தது. நான் நினைத்ததைவிட அதிகம். பூசை முடிந்து வந்தவர்கள், செந்ரெஜிஸ் வீதி முருகன் கோவிலிலிருந்து திருநீறோடு வந்தவர்கள், குழந்தைகள், றோல்ஸ் தட்டுகள். கதிரைகள் நிறைந்தன. கப்டன் கோட்டோரம் முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான், மீண்டும் குனிந்தான், மீண்டும் பார்த்தான். சிரிக்கவில்லை. ஆனால் அந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு ரொறன்ரோக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நீலச் சட்டை. ஊரில் நான் சின்ன வயதிலிருந்து பார்த்த அதே நீலம். பஸ்ஸுக்குப் பின்னாலே பத்துப் பன்னிரண்டு கார். அதிலிருந்து மாமாமார், மச்சான்மார், எங்கள் பெண்கள் பத்து வருடமாகக் காணாத பள்ளிக்கூடத் தோழிகள்.

முதலில் எழும்பியவள் என் மனைவி. அவளுக்கும் அதே ஊர்தான்.

"மச்சாள் வந்திருக்கிறா. கொஞ்ச நேரம் அங்க இருந்திட்டு வாறன்."

"மச் தொடங்கப் போகுது."

"அங்க நிண்டாலும் மச் தெரியும்தானே," என்றுவிட்டுக் கதிரையை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தாள்.

அந்தக் கதிரையை அவள் எடுத்திருக்கக் கூடாது. அதைப் பார்த்து அடுத்தவர் எடுத்தார். அவரைப் பார்த்து அவருடைய தம்பி குடும்பம். நிழலை விட்டு வெயிலுக்குக் கதிரை தூக்கிக்கொண்டு போகிற சனத்தை நான் அன்றுதான் பார்த்தேன். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் எதிர்ப்பக்கத்தில் மூன்று வரிசை. எங்கள் பக்கத்தில் ஆட்டக்காரரின் மனைவிமார் நால்வர், பிள்ளைகள், ஒரு கோவில் ஐயா. மன்னார்க்காரராவது நின்றிருப்பார்கள். அந்த நீண்ட வார இறுதியில் அவர்கள் ஒரு கலியாணத்துக்கு ரொறன்ரோவுக்குப் போயிருந்தார்கள்.

முதல் பாதியிலேயே கப்டன் கோல் போட்டான். இருபத்தைந்து யார்ட் தூரத்திலிருந்து ஒரு ஃபிறீ கிக், எதிரணி கட்டிய ஆள்சுவரைச் சுற்றி வளைந்து மூலைக்குள் போனது. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் ஓடிவந்தான். பாதி தூரத்தில் வேகம் குறைந்தது. அந்த நாலைந்து பேரை விட்டால் நிழலில் புல்தான் இருந்தது, அதில் கதிரைக் கால்களின் தடம். கைகளை இறக்கிவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினான். நான் கை தட்டினேன், கடிதக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செயலாளர் தட்டுகிற மாதிரி.

இடைவேளைக்குப் பிறகு அவர்கள் ஒன்றைத் திருப்பினார்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்களுடைய வலதுபக்க ஆட்டக்காரன் கோட்டோரமாக ஓடிப் பந்தை உயரத் தூக்கி விட்டான். நடுவில் ஒருவன் எழும்பினான். நீலச் சட்டை, தலை, வலை. அவ்வளவு சுத்தமான கோலை நான் ஊரில் பார்த்ததோடு சரி. எதிர்ப்பக்கத்தில் யாரும் வாய் திறப்பதற்கு முன்பே மைதானத்தில் 'ஏலேலோ' கேட்டது. அங்கே நின்ற நூற்றைம்பது பேரும் 'ஏலோ' என்று சேர்ந்தார்கள். யார் எடுத்தது என்று திரும்பிப் பார்த்தவர்களைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. நான்தான். கோப்பு புல்லில் கிடந்தது.

கப்டன் நடு வட்டத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெட்கமாக இருந்தது.

இரண்டுக்கு ஒன்று, தோற்றோம். ரொறன்ரோ செயலாளர் கை குலுக்கி, இப்படிச் சனம் வருமென்றால் அடுத்த வருடம் இரண்டு மச் தரலாம் என்றார். எல்லாரும் போன பிறகு கதிரைகளை எதிர்ப்பக்கத்திலிருந்து நாங்கள்தான் பொறுக்கி அடுக்க வேண்டியிருந்தது. கப்டனும் நின்றான். ஒரு கைக்கு நான்காகத் தூக்கிக்கொண்டு வானுக்கு நடந்தோம்.

"தம்பி, நான் வேணுமெண்டு..."

"நல்ல கோல்தானே அண்ணை," என்றான். கதிரைகளை வானுக்குள் தள்ளினான். பிறகு, "உங்களுக்கு இவ்வளவு சத்தம் இருக்கெண்டு எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது," என்றான். அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் எடுத்தார்.

"சனம் வந்ததே?"

"வந்தது."

"ஆரைக் கூப்பிட்டனீ?" "நீலச் சட்டையை," என்றேன். "எங்கட ஊரையோ? அட கோதாரி." பிறகு, "உன்ர கப்டனுக்கு ஆரும் கத்தினவையே?" என்றார்.

மூன்றாம் ஞாயிறு கடைசிப் பயணம். ஸ்காபரோ, அதே மைதானம், அதே பொன்ஜூர். கடைசி ஆட்டம் வேறொரு ஊர்க் கழகத்தோடு. ஆனால் அடுத்த ஆட்டத்துக்காக எங்கள் ஊர்ச் சனமும் வந்து கோட்டோரம் நின்றது. அவர்களில் என் மச்சானும் ஒருவர். நான் கடிதக் கோப்பை வானுக்குள் வைத்துவிட்டு வந்தேன். ஆட்டம் தொடங்கியதும் கப்டனின் பெயரைக் கத்தினேன். பந்து அவன் காலுக்கு வந்தபோதும் கத்தினேன், வராதபோதும் கத்தினேன். மாற்று ஆட்டக்காரர் மூவரும் முதலில் சிரித்தார்கள். மச்சான் மைதானத்துக்கு அந்தப் பக்கமிருந்து, என்ன பேய் பிடிச்சது அத்தான் என்று சைகையால் கேட்டார். ஐம்பது வயது மனுசன் தனியாக நின்று கத்துவது பார்க்க நன்றாக இருந்திராது. அந்த லீக்கில் ஓர் ஆட்டம் எழுபது நிமிடம், எழுபதும் கத்தினேன். கப்டன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கோலும் போடவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றில் முடிந்தது.

கிங்ஸ்டனில் நிறுத்தினோம். கவுண்டரில் நின்ற பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. இன்னொரு முறை முயன்றேன். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பின்னால் நின்ற கப்டன் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்து ஆங்கிலத்தில் சொன்னான், இவருக்கு ஒரு தேத்தண்ணி, நல்ல சூடாக, தேன் இருந்தால் தேனும் போட்டு என்று. பிறகு என் பக்கம் திரும்பி, "கதைக்காதேங்கோ அண்ணை, தொண்டை நோகும்," என்றான்.